தப்பு விடைக்கு அடுத்த கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நலமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அங்கே தலைவலி காய்ச்சல்கூட இல்லாமல் இருக்க வேண்டும், இந்த வயதில் எனக்கு அதைத் தவிர வேறு என்ன வேண்டுதல். வாரத்துக்கு மூன்று நாள் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன், நீ சிரித்துக்கொண்டே என்னம்மா என்று கேட்டதும் குழாய் ஒழுகுகிறது, முழங்கால் வலிக்கிறது என்று எதையாவது உளறி வைத்துவிட்டேன். நேரில் சொன்னால் நீ உடனே பரவாயில்ல விடும்மா என்பாய். அந்த வார்த்தையை உன் வாயால் கேட்க எனக்கு இப்போது தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன், விரைவுத் தபாலில் போடுகிறேன். படித்துவிட்டு முதலில் ஆசை தீரத் திட்டிக்கொள், அப்புறம் கூப்பிடு.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று கண் டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்றால் கடையை யாரு பாக்கறது என்று அதே பாட்டு. பெரிய கடை! ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், பேனா வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. நீ அடுத்த தடவை பேசும்போது கொஞ்சம் அதட்டிச் சொல், நான் சொன்னால் காதில் ஏறாது. உன் தம்பி வேலை மாற்றலாகி பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளிப் போய்விட்டான். சனிக்கிழமை வருகிறான், ஒரு மூட்டை அழுக்குத் துணியைக் கொட்டுகிறான், தூங்குகிறான், திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் உடனே கொட்டாவி வந்துவிடுகிறது அவனுக்கு. என் முழங்கால் மாடிப்படி ஏறும்போது ஒரு சத்தம் போடுகிறது, இறங்கும்போது வேறு சத்தம். மற்றபடி ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதும்போதே கை கூசுகிறது, சரி, சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் நீ வைத்திருக்கும் நம் கணக்குத் தளத்தை மூடச் சொல்லி உனக்கு ஒரு நோட்டீஸ் வரப்போகிறது. அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும். போலி இல்லை, நான் போட்டதுதான்.

உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எந்த இடத்தில் வழுக்கினேன் என்று எனக்கே புரிகிறது, பொறுத்துக்கொண்டு படி. முப்பத்தியொரு வருஷம் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். மற்ற டீச்சர்கள் சரியான விடைக்கு டிக் போட்டுவிட்டுப் போவார்கள், எனக்கு மட்டும் தப்பு விடைமேல் ஒரு கிறுக்கு. ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் இருபத்தாறு என்று ஒரு பிள்ளை எழுதினால் அது குருட்டாம்போக்கில் எழுதியது இல்லை, ஒவ்வொரு இடத்திலும் எந்த இலக்கம் மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அந்தப் பிள்ளையிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்றும் எழுதி வைப்பேன். தப்பு என்று சொல்லக் கூடாது. உன்கிட்ட இருந்த அம்பத்திரண்டு மிட்டாயில முப்பத்தெட்டைக் குடுத்துட்ட, இருபத்தாறு மீதி இருக்குங்கற, குடுத்ததையும் இருக்கறதையும் சேர்த்து எண்ணிப் பாரு என்று கேட்க வேண்டும். அறுபத்துநாலு வரும். அதிகப்படி பன்னிரண்டு மிட்டாய் எங்கிருந்து வந்தது என்று அதுவே முழித்துக்கொண்டு நோட்டைத் திரும்பப் பார்க்கும். அந்த முழியைப் பார்க்கத்தான் நான் வேலைக்கே போனேன். அப்படி நூற்றுப் பன்னிரண்டு விதத் தப்பு, நாலாயிரத்துச் சொச்சம் கேள்வி, ஒன்பது நோட்டு. நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது விடுமுறைக்கு வந்து அந்த ஒன்பது நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிள்ளை எந்தத் தப்பு செய்கிறதோ அதற்கு ஏற்ற கேள்வியை அதுவே எடுத்துக் கேட்கும்படி செய்துவிட்டாய். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் நீ கட்டற்ற மென்பொருள் என்று ஒரு வார்த்தை சொன்னாய். ஓ, இலவசமா என்றேன். நீ சண்டைக்கு வந்துவிட்டாய். இலவசம் இல்லம்மா, திறந்து வைக்கறது, யாரு வேணா எடுக்கலாம், உள்ள பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், மாத்தினவங்களும் அதே மாதிரி திறந்தே வைக்கணும், காசு வாங்கறதும் வாங்காததும் வேற விஷயம் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தாய். தலையை ஆட்டிக்கொண்டேன். நீ எழுதிய நிரலுக்கு அப்படித் திறந்து வைக்கிற உரிமத்தை மேலே எழுதி வைத்துக்கொண்டாய். என் கேள்விக் கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும் அதே மாதிரி ஒரு வரி எழுதச் சொன்னாய், கேள்வியெல்லாம் உன்னோடதும்மா, நீதான் எழுதணும், நான் எழுதினா செல்லாது என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் போட்ட கணக்கு பிள்ளைகளுடையது, இதற்கெல்லாம் காகிதம் எழுதுவார்களா, காற்றுக்கு யாராவது ரசீது போடுவார்களா என்றேன். லீவில் எழுதுகிறேன் என்று சொல்லி எத்தனை லீவு போனது. பதின்மூன்று வருஷம். உன் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட நீ கேட்டாய், பந்தல்காரன் நிற்கிறான், இவளுக்கு வரியாம் வரி என்று நான் விரட்டினேன். ஒரே ஒரு வரி.

நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் தலைமை ஆசிரியை அறையில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். எப்போதும் சிரித்த முகம், நான் அவனுக்குப் பல்வரிசை என்று பெயர் வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கான கணக்குக் கம்பெனியாம், என் நோட்டைப் பற்றி எங்கெங்கோ கேள்விப்பட்டானாம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொரு செல்போனுக்கும் கொண்டுபோகிறேன் என்றான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பிள்ளைங்ககிட்ட காசு வாங்குவீங்களா தம்பி என்றேன். ஒரு பைசா வாங்க மாட்டோம் டீச்சர் என்றான். பாவி, அவன் பொய்கூடச் சொல்லவில்லை, முதல் வருஷம் பள்ளிக்கூடத்திடம்தான் வாங்கினார்கள். திறந்து வைப்பீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நீ அரைமணி நேரம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த வித்தியாசம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு மறந்துபோனது, இலவசமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டேன். பதினொரு பக்கம், பொடி எழுத்து. வெளியே பிரிவுபசாரத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், வெயில். கேள்வியை முழுசாப் படி, அப்புறம் விடை எழுது என்று முப்பத்தியொரு வருஷம் கத்தியவள் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பதினொரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பணம் எதுவும் வாங்கவில்லை, ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், அது இப்போது கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது. ஆறாம் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா. இந்தக் கேள்விகளையும் இதேபோல் நான் இனிமேல் எழுதும் கேள்விகளையும் முழுசாக அவர்களுக்கே கொடுத்துவிட்டேன், இதற்கு முன்னால் யாருக்கும் எந்த விதத்திலும் கொடுத்ததே இல்லை, அப்படி யாராவது வைத்திருந்தால் அது என் அனுமதியில்லாமல் எடுத்தது என்று இருந்தது. அந்த யாராவது நீதான். பெற்ற தாயே மகளைத் திருடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. உன் நிரலை அவர்கள் தொடவே இல்லை, தொட்டால் அதைத் திறந்து வைக்க வேண்டியிருக்குமே, அதனால் சொந்தமாக வேறு ஒன்று எழுதிக்கொண்டு கேள்விகளை மட்டும் அதில் போட்டிருக்கிறார்கள். போன மாதம் கடைக்கு வந்த ஒரு பெண் செல்போனைக் காட்டி இது எப்படித் திறக்கறது டீச்சர் என்று கேட்டாள். பார்த்தேன். விடை சரியாக இருந்தால் பூ விழுகிறது, கைதட்டுகிறது, அடுத்த கணக்குக்குப் போகிறது, காசு இல்லை. தப்பாக இருந்தால் ஒரு பொம்மை அழுகிறது, சிவப்புப் பெருக்கல்குறி, அதற்குக் கீழே பூட்டு. அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் என் அடுத்த கேள்வி இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் திறக்கும். தெரிந்த பிள்ளைக்கு எல்லாம் சும்மா, தெரியாத பிள்ளைக்குத்தான் விலை. எந்த வியாபாரத்திலாவது இப்படி ஒரு நியாயம் உண்டா. கட்டாவிட்டால் அதோடு விடுவதும் இல்லை, உங்க பிள்ளை இந்த வாரம் பதினேழு தப்பு செஞ்சிருக்கு, வகுப்பில் முப்பத்தியோராவது இடம் என்று அம்மாவுக்குத் தகவல் அனுப்புகிறது. நான் தப்பை எண்ணியது அதற்காகவா. அந்தப் பெண்ணிடம் எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ போட்டுக் கொடுத்த பழைய நிரலை இரண்டு கம்ப்யூட்டரிலாவது வைத்திருங்கள் என்று கேட்கத்தான் போனேன். எல்லாவற்றையும் முந்தின சனிக்கிழமையே அழித்துவிட்டார்களாம். தலைமை ஆசிரியை நல்லவர்தான், எனக்கு மேல இருக்கறவங்க சொல்றாங்க, நான் என்ன பண்ணட்டும் டீச்சர், மாசாமாசம் ஆள் வந்து பாத்துட்டுப் போறாங்க என்றார், டீ வாங்கிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளுக்காக நம் கணக்குத் தாள்களை அப்பா தாள் விலைக்கு நகல் எடுத்துக் கொடுப்பாரே, அதுவும் கூடாது என்று கடைக்கே வந்து பல்வரிசையின் ஆள் ஒருத்தன் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனான், உன் தளத்துக்கும் நோட்டீஸ் வரும் என்று அதிலேயே இருந்தது. அடுத்த நாள் துணி தைக்கிற அந்தக்கா, நம் தெருக்கோடியில் இருக்கிறாரே, ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து எங்க சந்துப் புள்ளைங்களுக்கு நாப்பது காப்பி போடுங்கண்ணே என்றார். அப்பா மெஷின் ரிப்பேரு என்று சொல்லிவிட்டார். உனக்கு அப்பாவைத் தெரியும், சில்லறை இருக்கும்போது இல்லை என்று சொல்லக்கூட நாக்கு வராத மனுஷன். அந்தக்கா போன பிறகு யார் வந்தாலும் ரிப்பேரு ரிப்பேரு என்று பக்கத்துக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆதார் அட்டையோ அடகுச் சீட்டோ எதுவானாலும் சரி, சாயங்காலம்வரைக்கும் மெஷினைத் தொடவில்லை. நான் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ரிப்பேருன்னு சொல்லிட்டேனே, அப்புறம் எப்படி ஓட்டறது என்றார். இந்த விஷயத்தைப் பற்றி இதுவரை அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்பாவின் கடைக்குப் பத்திரம் நகல் எடுக்க வரும் வக்கீலிடம் போய் அந்தப் பதினொரு பக்கத்தையும் காட்டினேன். அவர் படிக்கப் படிக்க மூக்குக் கண்ணாடி கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ரெண்டே வழிதான் டீச்சர், பொண்ணு கேக்காம எடுத்துட்டான்னு சொல்லணும், இல்லன்னா நீங்க பொய் எழுதிக் குடுத்தீங்கன்னு சொல்லணும், ரெண்டுலயும் தளம் போயிடும் என்றார். ஏன் போகும், நான்தான் பதின்மூன்று வருஷம் முன்பே கொடுத்துவிட்டேனே என்றேன். எழுத்துல இருக்கா என்றார். அந்த ஒரு வரியைக் கேட்கிறார். இல்லை என்றேன். நோட்டீஸ் போனதும் இணையத்தில் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ஆட்கள் முதலில் எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள், எதிர்த்து வழக்காடினால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் கம்பெனிக்காரர்கள் பெரிய ஆளாகிவிடுவார்கள் என்றார். நான் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டேன். என் மகள் திருடவில்லை, நான் எப்போதோ கொடுத்துவிட்டேன், படிக்காமல் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவள் நான் என்று எழுதிக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதற்காக என்மேல் நஷ்ட ஈடு கேட்பார்களாம், கேட்கட்டும். நீ பதறிக்கொண்டு வழக்குக்குப் போகாதே. நீ ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், உன் பெயர் நீதிமன்றத்தில் அடிபட்டால் அங்கே என்ன நினைப்பார்கள். நோட்டீஸ் வந்ததும் தளத்தை எடுத்துவிடு. அம்மாவா இப்படிச் சொல்கிறாள் என்று நீ பல்லைக் கடிப்பாய், கடித்துக்கொள். தளத்தில் உன்னோடு சேர்ந்து அதைப் பதினொரு மொழிக்கு மாற்றினார்களே, முகம் தெரியாத அத்தனை பேர், மிட்டாயை எடுத்துவிட்டு மீன் என்று போட்ட அந்தக் கடலோரத்து வாத்தியார், கண் தெரியாத பிள்ளைகளுக்காகக் குரலில் படித்துக் கொடுத்த அந்தப் பெண், அவர்களுக்கெல்லாம் நீதான் எழுத வேண்டும். அவர்கள் வேலையும் என் கையெழுத்தோடு போகிறது. என்ன எழுதுவாய் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. எங்கம்மா படிக்காம கையெழுத்துப் போட்டுட்டாங்க என்று எழுது, அதுதான் நிஜம்.

நான் முன்பு உனக்குத் தைரியம் சொல்கிறவளாக இருந்தேன், இந்தத் தடவை சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. எங்கேயோ ஒரு நல்லவர் வந்து நியாயம் கேட்பார், பத்திரிகையில் வரும், கம்பெனிக்காரன் மனம் மாறுவான் என்றெல்லாம் எழுதினால் நீயே சிரிப்பாய். பல்வரிசைக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறதாம். புதுசாக ஒரு நோட்டு ஆரம்பித்து எழுதலாமே என்று தம்பி கேட்டான், இனிமேல் நான் எழுதுவதும் அவர்களுடையது என்று ஆறாம் பக்கத்தில் இருக்கிறது என்றேன், அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குக் கோபம் அவர்கள்மேல்கூட இல்லை, அவர்கள் வியாபாரம் அது. ஆசையாகப் பொத்தி வளர்த்ததைப் பெருமையில் தூக்கிக் கொடுத்துவிட்டேனே, என் பெயர் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும் என்று அவன் சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்துபோனேனே, அதை நினைத்தால்தான் இந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. இதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இதை நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், அவர் வருத்தப்படுவார். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் துணையாக, நல்ல பெயரோடு நீண்ட நாள் இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சின்னவன் நோட்டைத் திருப்பிக் காட்டினானே, இருபத்தேழும் பதினைந்தும் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தான், நீ சிரித்தாய். சிரிக்காதே, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று சரியாகத்தான் கூட்டியிருக்கிறான், அதை அப்படியே முழுசாக எழுதி, இரண்டும் ஒன்றும் மூன்று என்று முன்னால் போட்டுவிட்டான், அவ்வளவுதான். அதற்கு அடுத்து அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷமே நாக்கு நுனியில் வந்துவிட்டது, ஆனால் வாயை மூடிக்கொண்டேன், நீ பார்த்திருப்பாய். அந்தக் கேள்வியைத் தனியாக ஒரு சின்னத் தாளில் எழுதி இதோடு மடித்து வைத்திருக்கிறேன். அவனிடம் ஒரு தடவை காட்டு. அவன் போட்டு முடித்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிடு, படம் எடுத்து வைக்காதே, அவன் சிநேகிதப் பிள்ளைகள் கேட்டால்கூட யாருக்கும் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா